அக்காவுக்கு ஒரு சேவல்

நியேவெஸுக்கு வாய் நீளம். அதை அவளே ஒத்துக்கொள்வாள். ஆனால் அக்கா ஊரான லா பாஸில் அவள் மானத்தை வாங்கியது வாய் இல்லை, கை. வாயால் வந்ததென்றால் அப்படிச் சொல்லவில்லை, இப்படித்தான் சொன்னேன் என்று மழுப்பிவிடலாம். நீட்டிய கையை எப்படி மழுப்புவது? அதுவும் பாதிச் சந்தை நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது.

அவளும் புருஷன் எலியோடோரோவும் தெற்கே துப்பீசாவிலிருந்து பஸ் ஏறி வந்தது அக்கா செனோபியா கூப்பிட்டதால்தான். அக்கா சும்மா கூப்பிடுகிற ஆள் இல்லை. அவளுக்குச் சந்தையில் சால்வைக் கடை. திருவிழாவுக்குப் பெண்கள் போர்த்திக்கொண்டு ஆடுகிற, நீளக் குஞ்சம் வைத்த பட்டுச் சால்வைகள். கடையை விட்டு அரை நாள் நகரமாட்டாள். அப்படிப்பட்டவள் போன் செய்து, "அலசீத்தாஸ் பண்டிகைக்கு வாங்கடி. ரெண்டு மூணு நாள் என்கூட இருந்துட்டுப் போங்க. சாக்குப்போக்கு சொல்லாதே" என்றாள்.

"என்ன திடீர்னு பாசம் பொங்குது?" என்றாள் நியேவெஸ், போனை வைத்துவிட்டு. "புதுசா என்னவோ வாங்கியிருக்கா. காட்டறதுக்குக் கூப்பிடுறா."

"அக்கா தங்கச்சியக் கூப்பிட காரணம் வேணுமா?" என்றான் எலியோடோரோ. அவன் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிறவன். பேச்சு குறைவு. பேசினாலும் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை எதிராளி புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவான்.

அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் ஒரு கட்டில் கிடந்தது. நியேவெஸின் கல்யாணத்துக்கு செனோபியா கொடுத்த இரட்டைக் கட்டில். குறை சொல்ல முடியாத கட்டில்தான். ஆனால் கொடுத்த நாளிலிருந்து ஞானஸ்நானம், கல்யாணம், சாவு என்று எங்கே நாலு பேர் கூடினாலும், "என் தங்கச்சி படுக்கிறது நான் குடுத்த கட்டில்லதான்" என்று சொல்லாமல் அக்காவுக்குச் சோறு இறங்காது. ஒருமுறை நியேவெஸ் ஆத்திரத்தில் அந்தக் கட்டிலைத் தூக்கித் தெருவில் போடப் போனாள். எலியோடோரோதான் தன் முதுகைக் காரணம் காட்டித் தடுத்தான்.

செனோபியாவின் வீடு மலைச்சரிவில் பாதி உயரத்தில் இருந்தது. மூன்று மாடி. பக்கச் சுவரெல்லாம் பூசாத செங்கல், முகப்பு மட்டும் பச்சைக் கண்ணாடி. தலைக்கு மேல் கேபிள் கார்கள் போய்வந்துகொண்டிருந்தன. கீழே மினிபஸ்களின் ஜன்னலில் தொங்கியபடி பேட்டைப் பெயர்களைக் கூவுகிறவர்களுக்குக் காலையிலேயே தொண்டை கட்டியிருந்தது. அந்த இரைச்சலே நியேவெஸுக்கு ஒரு போதை. ஊரில் ஒரு நாய் குரைத்தால் எந்த நாய் என்று சொல்லிவிடலாம்.

"அத்தான் எங்கக்கா?" என்றாள், உள்ளே நுழைந்து சால்வையை அவிழ்ப்பதற்குள்.

"சிலிக்குப் போயிருக்கார், சரக்கெடுக்க. துறைமுகத்துல கப்பல் லேட்டாம்" என்றாள் செனோபியா, வேர்க்கடலை சூப்பைக் கிண்டிக்கொண்டே. திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் இறங்கியதும் குளிர் ஏறியது. கம்பளி எடுக்க நியேவெஸ் மாடி அறை அலமாரியைத் திறந்தாள். ஒரு பக்கம் அக்காவின் கொசுவப் பாவாடைகள் நெருக்கியடித்துக்கொண்டு தொங்கின. மறுபக்கம் வெறும் ஹேங்கர்கள். ஒரு சட்டை இல்லை, ஒரு பெல்ட் இல்லை. அத்தான் வால்டோவின் திருவிழாக் கோட்டுகூட இல்லை. சரக்கெடுக்கப் போகிறவனுக்குத் திருவிழாக் கோட்டு எதற்கு? குளியலறைக்குப் போய்ப் பார்த்தாள். ஷேவிங் பிரஷும் இல்லை. கம்பளியை மறந்துவிட்டு ஓடிவந்து புருஷன் காதைக் கடித்தாள்.

"ஓடிட்டான்."

"யாரு?"

"வால்டோ. அக்காவ விட்டுட்டு ஓடிட்டான். அலமாரில ஒரு துணி கிடையாது."

எலியோடோரோ கோகா இலைத் தண்ணீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். அந்த உயரம் அவனுக்கு ஒத்துக்கொள்ளாமல் தலை வலித்தது. "சரக்கெடுக்கப் போயிருக்கார்னு சொன்னாங்கல்ல."

"அது பொய்யின்னு இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல?"

"பொய்யாவே இருக்கட்டும். அவங்களா சொல்ற வரைக்கும் நமக்கு அவர் சரக்கெடுக்கத்தான் போயிருக்கார்."

"கூடப்பொறந்தவகிட்டயே மறைக்கிறா பாரு."

"நியேவெஸ், விடு."

அவள் விடுகிற ஜாதியா? இங்கே உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அக்காவை நினைத்து அவளுக்கு வருத்தமாக இருந்தது நிஜம். கூடவே, அடியில் எங்கோ, ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது. பச்சைக் கண்ணாடி வீட்டுக்காரிக்குப் புருஷன் இல்லை. மாமியார் வீட்டு ஒற்றை அறையில் கிடக்கிற எனக்கு இருக்கிறான். அந்த சந்தோஷத்தை அவள் நேருக்கு நேர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே வெட்கப்பட்டிருப்பாள், இத்தனை தூரம் வந்திருக்காது.

மறுநாள் பாத்திரம் கழுவும்போது செனோபியா, "நியேவெஸ், உன்கிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

"என்னக்கா, காதுல போட்டிருக்கியே, அது புதுசா?" என்றாள் நியேவெஸ். அவளாக மறைத்ததை அவளாகவே கஷ்டப்பட்டு வெளியே எடுக்கட்டும் என்ற வீம்பு.

செனோபியா காதைத் தொட்டுப் பார்த்தாள். "ஆமா, புதுசுதான்" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திருகி மூடினாள்.

அலசீத்தாஸ் வந்தது. வேண்டியதைச் சின்னதாக வாங்கி, உச்சிவேளை மணி அடிக்கும்போது பூசாரியின் புகையில் காட்டினால் வருடத்துக்குள் அது பெரிதாக வந்து சேரும். ஆகவே அன்றைக்கு லா பாஸே உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிடும். விரல் நீள லாரி, தீப்பெட்டி அளவு மாடிவீடு, நகக்கண் அளவு செருப்பு, கடுகு மூட்டை போல அரிசி மூட்டை. கோட்டு சூட்டு போட்ட வக்கீல்கள்கூட ஒரு பிடி செங்கல்லுக்கு முண்டியடிப்பார்கள். காலை முழுக்க நியேவெஸும் எலியோடோரோவும் அந்தக் கூட்டத்தில் இடிபட்டார்கள். அவள் ஒரு வீடு வாங்கினாள், சிவப்பு ஓடு போட்டது. அவன் ஒரு டாக்ஸி வாங்கினான். ரயில்வேயை விட்டுவிட்டு டாக்ஸி ஓட்ட வேண்டும் என்பது அவன் வெளியே சொல்லாத ஆசை. கதவு திறக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினான்.

அப்புறம் அவள் ஒரு பொம்மைக் கடை முன்னால் நின்றாள். வரிசை வரிசையாகச் சுண்ணாம்புச் சேவல்கள். பெண்ணுக்குச் சேவல் கொடுத்தால் ஆண் துணை வரும், ஆணுக்குக் கோழி கொடுத்தால் பெண் துணை வரும். தானே வாங்கித் தானே வைத்துக்கொண்டால் பலிக்காது, இன்னொருவர் கையால் வரவேண்டும். அதனால் கல்யாணம் தள்ளிப்போகிறவர்களுக்கும் விதவைகளுக்கும் தோழிகள் கேலியும் கிண்டலுமாகச் சேவல் வாங்கித் தருவார்கள். புருஷன் உள்ளவளுக்கு யாரும் தரமாட்டார்கள்.

"வாங்க கண்ணு, சேவல் யாருக்கு?" என்றாள் கடைக்காரி. "உங்களுக்கா? பக்கத்துலயே ஒண்ணு தொப்பி போட்டுக்கிட்டு நிக்குதே!"

எலியோடோரோவின் காது சிவந்தது. நியேவெஸ் கொண்டை பெரிதாக உள்ள ஒன்றைப் பொறுக்கினாள்.

"யாருக்கு?" என்றான் அவன், கடையைத் தாண்டியதும்.

"அக்காவுக்கு."

அவன் நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் அவன் முதுகில் மோதித் திட்டினார்கள். "வேண்டாம்."

"நல்லதுக்குத்தான் வாங்குறேன். பாவம், தனியா..."

"நல்லதுன்னா வீட்ல வெச்சுக் குடு. கடைல வேண்டாம்."

"மணி அடிக்கிறப்பக் குடுத்தாத்தான் பலிக்கும். யாருக்கும் தெரியாம சால்வைக்கு அடில வெச்சுக் குடுத்துடுறேன், போதுமா?"

அவள் அதை முழு மனதோடுதான் சொன்னாள். அந்த நிமிஷத்தில் அவள் எண்ணம் அதுதான். இதைச் சொல்வது அவளுக்கு வக்காலத்து வாங்க அல்ல. மனிதர்கள் பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான் புறப்படுகிறார்கள், போய்ச் சேரும் இடம்தான் வேறாக இருக்கிறது.

உச்சிவேளைக்குச் சற்று முன்னால் அவர்கள் அக்காவின் கடைக்கு வந்தபோது அங்கே ஒரே கூட்டம். சால்வை வியாபாரிகள் சங்கத் தலைவி எவுலாலியா, எல்லோருக்கும் மரியாதையாக 'டோன்யா', நடு நாயகமாக உட்கார்ந்திருந்தாள். வட்டத் தொப்பி, முன்பல் இரண்டிலும் தங்கம், மூன்று பேர் இடத்தை ஒருத்தியாக அடைத்துக்கொள்ளும் உடம்பு. பக்கத்தில் போன வருடம் திருவிழா நடத்திய தம்பதி, ஒரு பீர் பெட்டி, ஒரு தட்டில் சின்னக் குழந்தை முகம் அளவுக்கு இரண்டு ரிப்பன் பூக்கள்.

நியேவெஸுக்குப் பார்த்ததும் புரிந்தது. அந்தச் சந்தை மாதாவுக்கு ஆகஸ்டில் திருவிழா. ஒவ்வொரு வருடமும் ஒரு தம்பதி அதை ஏற்று நடத்தும். பேண்டு, பீர், நடனக்காரர்கள், வந்தவர்க்கெல்லாம் சாப்பாடு. தம்பதிதான். தனி ஆளுக்கு, எத்தனை பெரிய கடை வைத்திருந்தாலும், அந்த மரியாதை கிடையாது. நடைபாதையில் பிளாஸ்டிக் விரித்து வியாபாரம் தொடங்கிய காலத்திலிருந்து செனோபியா இதற்காகக் காத்திருந்தாள். அடுத்தவர் திருவிழாக்களில் எல்லாம் ஆடி ஆடிச் செருப்பு தேய்ந்தவள். இன்றைக்கு அவளைக் கேட்க வந்திருந்தார்கள். அவள் முகம் கல்யாணப் பெண் முகமாக இருந்தது.

"வால்டோ இல்லாம நான் எப்படி ரிப்பன் குத்துறது?" என்று எவுலாலியா கொஞ்சம் இழுத்தாள். "ரெண்டு பேர் நெஞ்சுலயும் குத்தணுமே."

"நேத்துகூட போன்ல பேசினார், டோன்யா. 'என் பூவ பத்திரமா வெச்சுரு, வந்து போட்டுக்கிறேன்'னார்" என்றாள் செனோபியா. குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. "கப்பல் வரணும், அவ்வளவுதான்."

"கப்பலும் ஆம்பளையும் வந்தாத்தான் நிஜம்" என்றாள் எவுலாலியா. எல்லோரும் சிரித்தார்கள். செனோபியாவும் சிரித்தாள்.

அப்போதுதான் அவள் தங்கையைப் பார்த்தாள். "வாடி வா! இவதான் என் தங்கச்சி, டோன்யா. துப்பீசாவுல இருக்கா. பாவம், இன்னும் மாமியார் வீட்டு ஒரு ரூம்லதான். கல்யாணத்துக்குக் கட்டில்கூட நான்தான் குடுத்தேன்."

பயத்தில் பேசுகிற பேச்சு அது. நெஞ்சு படபடக்கும்போது மனிதர்கள் பழக்கமான வாக்கியத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஆறின மனதோடு கேட்டிருந்தால் நியேவெஸுக்கே தெரிந்திருக்கும். ஆனால் எல்லாப் பெண்களும் திரும்பி அவளை மேலிருந்து கீழே பார்த்தார்கள். கூட்டத்தில் இடிபட்டுக் கசங்கிய அவள் பாவாடையைப் பார்த்தார்கள். கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. ஊர் முழுக்க வெடி, ஹாரன், புகை. அந்த நேரம் அவள் கை சால்வைக்குள் போனது, வெளியே வந்தது.

"அக்கா, இந்தா. உனக்குத்தான்."

சேவல். சிவப்புக் கொண்டை. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, நீட்டிய கையில்.

சந்தையில் மற்ற கடைகளில் ஆரவாரம் நிற்கவில்லை. அந்த ஒரு கடையில் மட்டும் நின்றது. எவுலாலியா சேவலைப் பார்த்தாள், செனோபியாவைப் பார்த்தாள், மறுபடி சேவலைப் பார்த்தாள்.

"சேவலா?" என்றாள் மெதுவாக. "புருஷன் இருக்கிறவளுக்கா?"

செனோபியாவின் முகத்தில் இருந்த கல்யாணக் களை வடிந்துபோனது. தட்டில் இருந்த இரண்டு ரிப்பன் பூக்களைத் திருவிழாத் தம்பதியில் மனைவிக்காரி தன் பக்கம் லேசாக இழுத்துக்கொண்டதை நியேவெஸ் பார்த்தாள். ஏதாவது சொல், ஏதாவது சொல்லித் தொலை என்று அவளே தன்னை உலுக்கினாள். இத்தனை நாள் நீளமாக இருந்த வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அது மதினிக்கு இல்லீங்க, டோன்யா."

எலியோடோரோ. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தான்.

"அது... எனக்குங்க. அதாவது எங்க வீட்டுக்கு." அவன் கழுத்து வரை சிவந்திருந்தான். "எங்க வீட்டுச் சேவல் கொஞ்ச நாளா கூவுறதில்ல. அதான் இவ வாங்கினா. இன்னொருத்தர் கையால வந்தாத்தானே பலிக்கும்? மதினி கை ராசியான கை. மதினி கைல குடுத்து, அவங்க கையால வாங்கிக்கணும்னு இவளுக்கு. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு 'உனக்குத்தான்'னு உளறிட்டா."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் கடையே சிரிப்பில் வெடித்தது.

"ஐயோ என் ராசா!" என்று எவுலாலியா தொடையைத் தட்டினாள். தங்கப் பல் இரண்டும் தெரிந்தன. "இத்தனை பொம்பளைங்க முன்னாடி ஒரு ஆம்பள இதச் சொல்லி நான் கேட்டதில்ல!"

"தண்டவாளம் பாக்குறவராச்சே. ரயில் நின்னுபோச்சா?" என்றாள் ஒருத்தி.

"காளையோட அந்தச் சமாச்சாரத்தைப் போட்டு சூப்பு வைப்பாங்களே, அத வாங்கிக் குடுடி! மூணு கிண்ணம்!"

"மலையேறினா எல்லாம் ஏறும்னு கூட்டிட்டு வந்திருக்கா போல!"

"பாத்துக்கடி, இப்பக் கூவலேன்னா எங்ககிட்ட அனுப்பு, நாங்க விடியறதுக்குள்ள கூவ வெக்கிறோம்!"

எலியோடோரோ தலையைக் குனிந்துகொண்டு, தொப்பி விளிம்பைச் சுற்றிச் சுற்றி, "சரிங்க, சரிங்க" என்றான். ரயில்வேயில் நாலு பேர் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே வியர்த்துப்போகிறவன். கல்யாணத்தன்று ஆடச் சொன்னதற்குக் கழிவறையில் போய் ஒளிந்துகொண்டவன். நியேவெஸுக்கு அவனைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அது முழுப் பொய் என்று அவளைத் தவிர உலகத்தில் ஒருத்திக்கும் தெரியாது. அவள் வாயைத் திறந்து, என் புருஷனுக்கு ஒரு குறையும் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா கதை முடிந்தது. ஆகவே அவள் வெட்கப்படுகிற பெண்டாட்டி மாதிரி முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். வெட்கத்துக்கு நடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

செனோபியா சேவலை வாங்கிக்கொண்டாள். அவள் கடை நடத்துகிறவள், மூச்சு திரும்பியதும் நிலைமையைப் பிடித்துக்கொண்டாள். சேவலை இரண்டு கையாலும் ஏந்தி, பூசாரியைக் கூப்பிட்டு, புகையில் மும்முறை காட்டினாள். பூசாரி அதன் தலையில் ஒயின் தெளித்துப் பூவிதழ் தூவினான். பிறகு அவள் தங்கைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இந்தா தங்கச்சி. என் கையால தர்றேன். உன் வீட்டு ஆம்பள உன்னை விட்டுப் போகாம இருக்கட்டும்."

எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவின் கண்ணைப் பார்த்தது நியேவெஸ் ஒருத்திதான். எவுலாலியா எழுந்து, சிரித்த களைப்போடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, செனோபியாவின் நெஞ்சில் ரிப்பன் பூவைக் குத்தினாள். வால்டோவின் பூவைப் பத்திரமாகப் பையில் போட்டுக் கொடுத்தாள். பீர் திறந்தார்கள். முதல் குவளையில் கொஞ்சம் தரையில் பூமித் தாய்க்கு ஊற்றிவிட்டு எலியோடோரோவிடம் நீட்டினார்கள். அவன் ஒரே மூச்சில் குடித்தான்.

சாயங்காலம் அவர்கள் சந்தை வழியாக வீட்டுக்கு ஏறும்போது செய்தி அவர்களுக்கு முன்னால் ஏறிவிட்டிருந்தது. "என்ன சேவல்காரரே!" என்று கிழங்குக் கடையிலிருந்து ஒரு குரல். அவன் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தான். "கொக்கரக்கோ!" என்று இன்னொன்று. அதற்கும் வைத்தான். நியேவெஸ் இரண்டடி பின்னால் நடந்தாள். பக்கத்தில் நடக்க அவளுக்கு முகம் இல்லை.

வீட்டில் செனோபியா வறுத்த பாலாடைக்கட்டியும் அவரையும் சோளமும் வைத்துத் தட்டு போட்டாள். "மாப்ள, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க. மாப்ள, தலைவலி எப்படி இருக்கு?" எல்லாம் மாப்பிள்ளைக்குத்தான். தங்கையின் தட்டிலும் குறையில்லாமல் விழுந்தது, வார்த்தைதான் விழவில்லை. எலியோடோரோ சாப்பிட்டுவிட்டு, டாக்ஸியைப் பார்க்கிறேன் என்று சொல்லித் தெருவுக்குப் போய்விட்டான். எந்த டாக்ஸியும் அங்கே இல்லை.

நியேவெஸ் சமையலறை வாசலில் நின்றாள். "அக்கா, நான் நல்லதுக்குன்னு நெனச்சு... அவங்கல்லாம் இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

"இருந்தத பாத்துட்டுத்தானே கைய நீட்டின?"

நியேவெஸ் வாசல் நிலையை நகத்தால் சுரண்டினாள்.

"நீ அலமாரியத் திறந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றாள் செனோபியா, அடுப்பைத் துடைத்துக்கொண்டே. "அந்தக் கதவு சாத்தும்போது கிறீச்சுனு ஒரு சத்தம் வரும். கீழ உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். இப்ப வந்து கேப்பா, இப்ப வந்து கேப்பான்னு பாத்தேன். கேட்டிருந்தா சொல்லி அழுதிருப்பேன்."

"நீயாவே சொல்லியிருக்கலாமே அக்கா..."

"எதுக்குடி உன்னைக் கூப்பிட்டேன்னு நெனச்ச? அலசீத்தாஸுக்கா? போன்ல சொல்ல வாய் வரல. நேர்ல சொல்லலாம்னு கூப்பிட்டேன். இந்த ஊர்ல எனக்குச் சொல்ல யார் இருக்கா? எல்லாரும் என்கூட வியாபாரம் பண்றவங்க." துணியைப் பிழிந்தாள். "சொல்ல வந்தேன். நீ காதணி புதுசான்னு கேட்ட."

அக்கா அடித்திருந்தால்கூட நியேவெஸ் தாங்கியிருப்பாள். மன்னிச்சிரு அக்கா என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. செனோபியா விளக்கை அணைத்துவிட்டு அவளைத் தாண்டி மாடிக்குப் போனாள்.

மறுநாள் காலையில் அக்காதான் அவர்களைப் பஸ் நிலையம் வரை கொண்டுவந்து விட்டாள். வழக்கத்தை விடமாட்டாள் செனோபியா. வழிக்கு ரொட்டி, அவித்த முட்டை, மாப்பிள்ளையின் முதுகுக்கு ஒரு தைலம். பஸ் புறப்படும் வரை கீழே நிற்பதும் வழக்கம். நின்றாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்ததும் நியேவெஸ் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னால உனக்கு எத்தனை அவமானம். கண்ட கண்டவள்லாம் சிரிக்கிற மாதிரி..."

"எனக்கென்ன? நாளைக்கு நான் துப்பீசாவுல. மதினி இங்கயே இருக்கணும்ல."

"வாய்லயே வரல எனக்கு, அந்த நேரத்துல."

"ம்." அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். "ஒண்ணு கேக்கவா? கை தவறிப்போச்சா, இல்ல..."

வழக்கம்போல் பாதியில் நிறுத்தினான். கை தவறிவிட்டது என்று அவள் சொன்னால் நம்புவான். அது அவளுக்குத் தெரியும். நம்பிவிட்டு, வாழ்நாள் முழுக்க அதைப் பற்றிப் பேசவும் மாட்டான். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நேற்று இத்தனை பேர் முன்னால் இவளுக்காக ஒரு பொய் சொன்னவனிடம், இன்றைக்கு இன்னொரு பொய்யா?

"தவறல" என்றாள். "கட்டில் கட்டில்னு சொன்னாள்ல. அவளும் கொஞ்சம் குனியட்டும்னு இருந்துச்சு. தெரிஞ்சேதான் நீட்டினேன்."

எலியோடோரோ அவள் கையை விடவில்லை. இறுக்கவும் இல்லை. "சரி. அப்போ அத என்கிட்டச் சொல்லி என்ன? டிரைவர் இன்னும் ஏறல. போய்ட்டு வா."

அவள் இறங்கினாள். படியில் மூட்டையோடு ஏறியவர்கள் திட்டினார்கள். செனோபியா தூணோரமாகச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். ரிப்பன் பூவை இன்னும் கழற்றவில்லை. சந்தைக்காரர்கள் யாராவது பார்ப்பார்கள் என்பதற்காக, ஒருவேளை, அதைக் குத்திக்கொண்டே எல்லா இடத்துக்கும் போக வேண்டியிருந்ததோ என்னவோ.

"அக்கா. நல்லதுக்குன்னு சொன்னது பொய். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

"தெரியும்டி" என்றாள் செனோபியா. "உன்னைத் தூக்கி வளத்தவ நான். உன் கை எப்ப எதுக்கு நீளும்னு எனக்குத் தெரியாதா?"

"அத்தான் திரும்பி வந்துடுவார்க்கா."

"வரமாட்டான்." முதல் முறையாக அவள் அதை வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். "ஆகஸ்டுல என் பக்கத்துல ஒரு ஆம்பள நிக்கணும். புருஷன் வெளியூர்ல மாட்டிக்கிட்டா, அவனுக்குப் பதிலா கொழுந்தனோ தங்கச்சி புருஷனோ நிக்கலாம். அதுக்கு இங்க வழக்கம் உண்டு. கப்பல் லேட்டானா என்ன பண்றதுன்னு சும்மா கேக்குற மாதிரி எவுலாலியாகிட்டக் கேட்டு வெச்சுட்டேன். 'உன் சேவல்காரர நிறுத்து, சந்தையே கொண்டாடும்'னா." அவள் தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தாள். "மாப்ளைய அனுப்புவியா?"

"அனுப்புறேன்க்கா. ரெண்டு பேரும் வர்றோம். நான் சமையலுக்கு, பரிமாற..."

"அவர் மட்டும் போதும்" என்றாள் செனோபியா. "நீ வர வேண்டாம்."

ஹாரன் அடித்தது. செனோபியா அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி, பஸ் பக்கம் தள்ளிவிட்டாள். கோபமாகத் தள்ளவில்லை. நேரமாகிறது என்று பிள்ளைகளைத் தள்ளுவதுபோலத்தான் தள்ளினாள். அதுதான் நியேவெஸுக்கு இன்னும் வலித்தது.

அவள் ஏறி உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்தது. கீழே அக்கா கையை அசைத்தாள், எலியோடோரோவைப் பார்த்து. அவன் தொப்பியைத் தூக்கினான்.

"என்ன சொன்னாங்க?" என்றான்.

"ஆகஸ்டுல உன்னை வரச் சொன்னா. திருவிழால வால்டோவுக்குப் பதிலா அவகூட நிக்கிறதுக்கு."

"ஆடணுமா?" என்றான், நிஜமாகவே பயந்துபோய். பிறகு, "சரி, போறேன். நீ?"

"என்னை வேண்டாம்னுட்டா" என்றாள் நியேவெஸ். பஸ் சரிவில் திணறி ஏறிக்கொண்டிருந்தது. "அவ சொன்னது சரிதான்."